கூத்தங்குழிப் பெண்களுக்குச் சோலார் டிரையர் வாங்கிக் கொடுக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். அம்மா பிறந்த ஊர் கூத்தங்குழி. சித்தியும் கூட எட்டுப் பெண்களும் அங்கே கருவாடு போட்டு விற்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் நீங்களும் நண்பர்களும் சேர்ந்து நாலு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதில், வெயில் சூட்டை உள்ளே பிடித்து மீன் காயவைக்கும் பெரிய சோலார் டிரையர் ஒன்று வாங்கிக் கொடுத்தால் அவர்கள் வருமானம் கூடுமா, வாங்குவதென்றால் எப்படிப்பட்டது வாங்கலாம்?

நான் திசையன்விளைக்காரி. இருபது வருஷத்துக்கு மேலாக உவரி, கூடுதாழை, இடிந்தகரை, கூட்டப்புளி என்று இந்தக் கரையில் கருவாடு போடும் பெண்களின் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அந்த நோட்டுகளை வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்: நாலு லட்சத்தையும் டிரையரில் போடாதீர்கள். இந்தப் பெண்கள் நஷ்டப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று, விடியற்காலையில் கடன் வாங்கி மீன் எடுக்கும் இடம். இன்னொன்று, காய்ந்த சரக்கை நாலு மாதம் வைத்திருக்க முடியாமல் வந்த விலைக்குத் தள்ளிவிடும் இடம். நடுவில் இருக்கும் காயவைக்கும் வேலை அவர்களுக்குத் தலைமுறையாகக் கைவந்தது. உவரியில் ஒரு பெரியம்மா என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வெயிலு சும்மாத்தான் கெடைக்கு. ரூவாயல்லா கெடைக்க மாட்டேங்கு."

முதலில் கரையைப் பாருங்கள். நம் நெல்லைக் கரையில் பெரும்பாலும் நாட்டுப் படகுகள்தான். ராத்திரி வலை விட்ட வள்ளங்கள் விடியும் முன்னே வரத் தொடங்கும். பெண்கள் நாலு, நாலரைக்கே மணலில் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு அலுமினியச் சட்டி, சும்மாட்டுத் துணி, முந்தானையில் முடிந்த பணம். பாடு, அதாவது அன்று கிடைத்த மீன், எப்படி என்று வள்ளம் கரையேறும் முன்பே படகின் இறக்கத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மீன் மணலில் கொட்டியதும் ஏலம் ஆரம்பிக்கும். ஐஸ் பெட்டியோடு லாரி வைத்து நிற்கும் வியாபாரி மொத்தமாகக் கேட்பார். அவர் விட்ட மிச்சத்தைத்தான் இவர்கள் கேட்க முடியும், அல்லது நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கூறு எடுத்துப் பங்கு வைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் கையில் ரொக்கம் வைத்திருப்பவளுக்கு ஒரு விலை, சாயங்காலம் தருகிறேன் என்பவளுக்கு வேறு விலை. இந்த வித்தியாசத்தை யாரும் வட்டி என்று சொல்வதில்லை, ஆனால் அது வட்டிதான்.

அந்த ரொக்கம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தண்டலிலிருந்து, அதாவது தினமும் தவணை கட்டும் கடனிலிருந்து. 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே போகிறது என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருவதால், சராசரியாகப் பார்த்தால் பாதிப் பணம்தான் அவள் கையில் இருக்கிறது. வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 75, 80 சதவீத வட்டி. இதைப் பலகையில் எழுதிக் காட்டியபோது ஒரு மைனி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "பொழுது விடிஞ்சா மீன் எடுக்கணும், வேற யாரு தாரா?" என்றார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003லேயே வந்துவிட்டது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தது. அப்படி இருந்தும் காலை நாலரை மணிக்குப் பணம் கொடுக்க வேறு ஆள் வராத வரைக்கும் தண்டல்காரர் வந்துகொண்டேதான் இருப்பார்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் இவர்களுக்கு நுட்பம் தெரியாது என்ற நினைப்பு கொஞ்சம் தெரிகிறது. கட்டா, வாளை, பாரை போன்ற மீனை முதுகுப் பக்கம் பிளந்து, குடலையும் செவுளையும் எடுத்து, சதை தடித்த இடத்தில் இரண்டு கீறல் போடுவார்கள். உப்பு உள்ளே இறங்க வேண்டுமே. வழுக்காமல் இருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். மூன்று, நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு. தொட்டியிலோ பீப்பாயிலோ ஒரு அடுக்கு உப்பு, ஒரு அடுக்கு மீன், மேலே பலகை, பலகை மேல் கல். ஒரு நாள் ஒன்றரை நாளில் மீனே தண்ணீர் விட்டு அந்த உப்புத் தண்ணீரில் முங்கிக் கிடக்கும். எடுத்து அலசி வெயிலில் போட்டால் முதல் நாள் சாயங்காலம் அள்ளிக் குவித்துச் சாக்கால் மூடிவிடுவார்கள். உள்ளே இருக்கும் ஈரம் ராத்திரியில் மேலே வந்துவிடும், மறுநாள் வெயில் அதை எடுத்துவிடும். காய்ந்ததா என்று பார்க்கக் கட்டைவிரலால் சதையை அமுக்குவார்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். நெத்திலிக்கு இதெல்லாம் கிடையாது. அலசிப் பரப்பினால் நல்ல வெயிலில் ஒன்றிரண்டு நாளில் கலகலவென்று சத்தம் போடும்.

இதில் சரிசெய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. மணலில் நேராகக் காயப்போட்ட நெத்திலிக்கும், வலை கட்டிய பரணில் காய்ந்த நெத்திலிக்கும் சந்தையில் நல்ல விலை வித்தியாசம் உண்டு. பல்லில் மணல் கடிபட்டால் அந்த வீட்டுக்காரி அடுத்த தடவை வாங்க மாட்டாள். இடுப்பு உயரத்துக்குச் சவுக்குக் கம்பு நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டினால் காற்று மேலும் கீழும் போகும், மணல் ஏறாது, கோழியும் நாயும் வாய் வைக்காது, குனிந்து குனிந்து முதுகு போகாது. இதற்கு ஆகும் செலவு டிரையருக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

உப்பிலும் ஒரு விஷயம் இருக்கிறது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதுவும் பெருமளவு பக்கத்துத் தூத்துக்குடியில். இருந்தாலும் கருவாட்டுக்கு வாங்கும்போது விலை குறைந்த அழுக்கு உப்பைத்தான் வாங்குகிறார்கள். அந்த உப்பில் கால்சியம், மக்னீசியம் கூடுதலாக இருந்தால் உப்பு சதைக்குள் மெதுவாக இறங்கும், கருவாடு கசக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். அதே உப்பில் வாழும் ஒரு வகை பாக்டீரியாவால்தான் மழை மாதங்களில் கருவாட்டின் மேல் இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. அதற்குக் கொச்சியில் உள்ள மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனம் எளிய வழி ஒன்று சொல்லியிருக்கிறது: 27 பங்கு தூள் உப்பில் 3 பங்கு கால்சியம் புரோப்பியோனேட் கலந்து, காய்ந்த மீன் மேல் தூவி வைப்பது. ரொட்டி பூசணம் பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் அதே பொருள்தான். இதைக் கற்றுக்கொடுத்த குழுக்களில் பூச்சி மருந்து அடிக்கும் பழக்கம் நின்றது. ஆமாம், ஈ மொய்க்கிறது, வண்டு விழுகிறது என்று சில இடங்களில் வீட்டுப் பூச்சி மருந்தை அடிப்பதுண்டு. சாப்பிடுகிறவர்களை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும். உங்கள் சித்தியிடம் முதலில் இதைக் கேட்டுவிடுங்கள்.

இப்போது பணக் கணக்கு. விலை தினமும் மாறும், ஆகவே இதைக் கணக்குப் புரிவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 40 கிலோ நெத்திலி, கிலோ 80 என்றால் 3,200. ஆட்டோ, தண்ணீர், கூட மாட வேலைக்கு ஒரு ஆள் என்று 500. மொத்தம் 3,700. நாலு கிலோ பச்சை மீன் ஒரு கிலோ கருவாடாகும், ஆக 10 கிலோ கிடைக்கும். தினமும் தண்டல் கட்ட வேண்டும் என்பதால் ஊருக்கு வரும் வியாபாரியிடம் 420க்குக் கொடுத்தால் 4,200. மூன்று நாள் வேலைக்கு மிஞ்சியது 500, அதில் வட்டியும் போக வேண்டும். அதே சரக்கை ஐப்பசி, கார்த்திகை மழை வரை வைத்திருந்து 550க்குக் கொடுத்தால் 5,500. மிச்சம் 1,800. மழையில் யாரும் காயவைக்க முடியாது, விலை தானே ஏறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்திலும் சந்தையில் மீன் குறைந்து கருவாட்டுக்குக் கிராக்கி வரும். இந்த ஏற்றமெல்லாம் பாவூர்சத்திரத்திலும் அம்பாசமுத்திரத்திலும் குடோன் வைத்திருப்பவருக்குத்தான் போகிறது. மீனைப் பிளந்து உப்பிட்டவளுக்கு அதில் ஒரு ரூபாய்கூட வருவதில்லை.

வைத்திருக்க வேண்டும் என்றால் வைக்க இடமும் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் குழு ஒன்றில் அந்த வருஷம்தான் முதல் தடவையாகத் துணிந்து சரக்கைப் பிடித்து வைத்திருந்தார்கள். வீட்டு மூலையில், தரையில், சாக்கு மூட்டையாக. தண்ணீர் உள்ளே வந்து அடி மூட்டைகள் எல்லாம் ஊறிப்போயின. மழை விட்ட பிறகு போனேன். நனைந்த மூட்டையை அவிழ்த்து, மேலாப்பில் எது தப்பும் என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அழவில்லை. "ஏளா, இத கோழிக்குப் போடலாம், அத எடுத்து வை" என்று வேலை நடந்துகொண்டிருந்தது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மரப் பலகை அடித்த, ஜன்னலுக்குக் கம்பி வலை போட்ட ஒரு அறை இருந்திருந்தால் அவ்வளவும் தப்பியிருக்கும்.

டிரையருக்கு வருகிறேன். சில வருஷம் முன்பு இங்கே ஒரு ஊரில் ஒரு தொண்டு அமைப்பு டிரையர் கட்டிக் கொடுத்தது. நல்ல மனதோடு செய்தார்கள். கொள்ளளவு 50 கிலோ. பாடு விழும் நாளில் கரையில் வருவதோ முந்நூறு, நானூறு கிலோ. யாருடைய மீனை உள்ளே வைப்பது என்று முதல் மாதமே சண்டை. இடம் கிடைத்தது கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி. ஈர மீனைச் சுமந்து போய், காவலுக்கு ஆள் வைத்து, திரும்ப எடுத்து வர வேண்டும். இரண்டாம் வருஷம் ஆடிக் காற்றில் டிரையரை மூடியிருந்த பாலித்தீன் தாள் கிழிந்தது. மாற்றுவதற்குக் காசு யார் பங்கு என்று எழுதி வைக்கவில்லை. இப்போது அதற்குள் பழைய வலை மூட்டைகள் கிடக்கின்றன. உங்கள் பணமும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டிரையர் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பாக்கெட் போட்டுக் கடைக்கும் வெளியூருக்கும் அனுப்பும் சுத்தமான நெத்திலி, இறாலுக்கு அது நன்றாகவே உதவும். அப்படி ஒரு வாங்குபவர் நிலையாகக் கிடைத்த பிறகு சிறிதாக ஒன்று வாங்கலாம். வெப்பம் 45, 50 டிகிரியில் நிற்கும்படி காற்றுப்போக்கு இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும், வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், பத்து நாளில் நாறும். தாள் புற ஊதாக் கதிர் தாங்கும் ரகமாக இருக்கட்டும். மாற்றுத் தாளின் விலையை முதல் நாளே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பிரதம மந்திரி மீன்வளத் திட்டம் 2020ல் வந்தது, அதில் பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம் வைத்தார்கள், இப்போதும் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைத்தால் சொந்தப் பணத்தில் முழு விலை கொடுக்க வேண்டியதில்லை. பாக்கெட்டில் விற்பதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். சிறு வியாபாரத்துக்குப் பதிவு போதும், லைசென்ஸ் வேண்டாம், கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். பாக்கெட், லேபிள் பயிற்சிக்குத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இருக்கிறது, 1977லிருந்து நடக்கும் கல்லூரி. அங்கே கேளுங்கள்.

இன்னொரு இடைஞ்சல், நீங்களோ நானோ தீர்க்க முடியாதது. முன்பு சாளை, காரல் மாதிரிப் பொடி மீன் மலிந்தால் அது பெண்களுக்குத்தான். இப்போது அதற்கும் போட்டி வந்துவிட்டது. மீன் தூள் ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் வண்டி வைத்து அள்ளுகிறார்கள். கூடவே கடலரிப்பு. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் அடுக்கிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டு நம் கடற்கரை ஊர்கள் எத்தனை தடவை போராடியிருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். மணல் போனால் வள்ளம் ஏற்றும் இடம் போகிறது என்று செய்தியில் வரும், கருவாடு காயப்போடும் இடமும் போகிறது என்று வருவதில்லை.

அரசாங்க உதவி உண்டா என்றால், உண்டு, ஆனால் கடலுக்குப் போகிறவர்தான் மீனவர் என்ற எண்ணம் காகிதத்தில் இன்னும் அழுத்தமாக இருக்கிறது. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு சிறு அளவு மீன்பிடிப்புக்காக 2014ல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள், பிடித்த பிறகு நடக்கும் வேலையையும் மீன்பிடித் தொழில் என்றே எண்ணச் சொல்கின்றன. உலக அளவில் அந்தப் பின்வேலையில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் மீனவ மகளிருக்கெனச் சேமிப்பு நிவாரணத் திட்டம் தனியாக இருக்கிறது: அவர்கள் 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தரும். உங்கள் சித்தி மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். மீனவர் நல வாரியம், மீன்பிடிப்பைச் சார்ந்த வேலை செய்கிற சார் தொழிலாளர்களையும் சேர்க்கும். கருவாடு போடும் பெண்ணும் சார் தொழிலாளிதான், பதிவு செய்ய உரிமை உண்டு. மீனவர்களுக்கு நீட்டிக்கப்பட்ட கிசான் கடன் அட்டையில் வட்டி குறைவு, ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம்தான். படகு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கும் இடத்தில்தான் இவர்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள். குழுவாகப் போனால் கதவு கொஞ்சம் திறக்கிறது.

உடம்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் சித்தி கையை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். விரல் இடுக்கில் உப்பு அரித்து வெடித்திருக்கும். கெளுத்தி முள் குத்திய இடம் கறுத்துக் கிடக்கும். அந்தக் கையோடுதான் ராத்திரி சோறு பிசைகிறார்கள், எரிச்சலில் கரண்டியால் சாப்பிடுகிறவர்களும் உண்டு. அப்புறம், காலை நாலு மணியிலிருந்து பத்து மணி வரை கரையில் இருக்கும் பெண் எங்கே ஒதுங்குவாள்? பல கரைகளில் பதில் கிடையாது. அதனால் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். சிறுநீர்த் தொற்று, கல்லடைப்பு என்று பாளையங்கோட்டைக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஏலக் கூடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வரும் ஒரு கழிப்பறை, பூட்டுச் சாவி பெண்கள் கையில். இதைப் பஞ்சாயத்தில் கேட்டு வாங்க உங்கள் நண்பர்கள் கூட நின்றால், அது பணம் கொடுப்பதைவிடப் பெரிய உதவி.

மாசி போடலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மாசி என்பது சூரை மீனைத் துண்டம் போட்டு, உப்புத் தண்ணீரில் அவித்து, முள்ளெடுத்து, விறகு மாதிரி ஆகும் வரை காயவைப்பது. தூத்துக்குடிப் பக்கம் பழைய தொழில், இலங்கை வரை போகும் சரக்கு. விலை நன்றாக இருக்கும். ஆனால் சூரையும் அயிலையும் ஐஸ் இல்லாமல் நேரம் கடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும், அது அவித்தாலும் போகாது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தடிக்கும். கரையிலிருந்தே ஐஸ் பிடிக்க வசதி இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

சரி, நாலு லட்சம். நான் என்றால் இப்படிப் பிரிப்பேன். ஒன்பது பேருக்கு ஆளுக்கு 20,000 வீதம் 1,80,000 சுழல் நிதி, அதாவது கடனாகக் கொடுத்து, திரும்பி வந்ததை மறுபடி கொடுக்கும் பணம், குழுவின் பெயரில், மாதம் ஒரு சதவீத வட்டிக்கு, அந்த வட்டியும் குழுவுக்கே. தண்டல் அன்றே நிற்கும். ஒருவர் வீட்டை ஒட்டி, ஆனால் குழுப் பெயரில் எழுத்து வைத்து, மேடான தரையில் சரக்கு அறை ஒன்று, 1,20,000க்குள். பரண், உப்புப் பீப்பாய், நல்ல உப்பு மொத்தமாக வாங்க 60,000. மிச்சம் 40,000ஐத் தொடாமல் வையுங்கள். முதல் மழைக்காலத்தில் யாருக்காவது பிரசவம், ஆஸ்பத்திரி என்று வரும், அன்றைக்குச் சரக்கை விற்காமல் காப்பாற்ற அது தேவைப்படும்.

இதையெல்லாம் நீங்கள் தீர்மானித்துக்கொண்டு போய்ச் சொல்லாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வள்ளம் போகாத நாள், பூசை முடிந்து ஒன்பது பேரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். போகும்போது நூறு கிலோ நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். வியாபாரி கொண்டு வரும் தராசில்தான் இத்தனை வருஷமும் நிறுத்துக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு மேல் மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு வேறு. அவர் வரும் முன்பு வீட்டிலேயே ஒரு தடவை நிறுத்து, சாக்கில் எடையை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.